மேஷ ராசி, திருவோண நட்சத்திரம்

அத்தியாயம் ஒன்பது

பிரமிளா நான்காவது முறையாகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஒற்றைக் கையால் ஜிப்பை இழுக்க முடியாமல், பையை முழங்காலால் அமுக்கிக்கொண்டு அதோடு மல்லுக்கு நின்றாள். உதவிக்குப் போன துளசியை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பார்க்காததில் என்ன தப்பு என்று துளசிக்கே தோன்றியது. பேராக் மாநிலத்தில், ஈப்போ நகரில் ஒரு மாடியறைக்குப் பெயர்ப்பலகை மாட்டி, துப்பறிகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்திருக்கிறவள் அவள். ஒரு மாதமாக இந்தப் பெண்ணை ஒளித்து வைக்க ஊர் ஊராக இடம் தேடுகிறாள். கமுந்திங்கில் ஒன்பது நாள் தாங்கியது. சித்தியவானில் இரண்டு வாரம். அங்கேதான் கை உடைந்தது. இப்போது காம்பார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கௌரி நடத்தும் இந்தப் பெண்கள் விடுதிக்கு வந்து ஆறே நாள்தான். நேற்றுக் காலை பிரமிளாவின் புருஷன் தனேஷ் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். ஒவ்வொரு முறையும் புதுப் போன், புது நம்பர், புது ஊர். எவளோ ஒருத்தி சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஒருத்திக்குத் துளசி ஒரு பெயரும் வைத்திருந்தாள். விமலா, பிரமிளாவின் தங்கை. ஜெலாப்பாங்கில் தனேஷ் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு இரண்டு கட்டடம் தள்ளி அவளுக்கு வேலை. சித்தியவானில் கை உடைந்த அன்று அவளுடைய வெள்ளைக் கார் தெருமுனையில் நின்றதை அக்கம்பக்கத்தார் பார்த்திருந்தார்கள். தங்கச்சியோடு பேச்சை நிறுத்து என்று பிரமிளாவிடம் கமுந்திங்கிலேயே சொன்னவள் துளசிதான். தன் போனிலும் விமலாவின் நம்பரை அடைத்துவிட்டாள்.

"இந்தப் படத்தைப் பாருங்கோ பிள்ளை," என்று கௌரி தன் போனை நீட்டினார். "அவன் கத்தின நேரம் நான் ஜன்னலுக்குப் பின்னால நிண்டு எடுத்தது. நீ எங்க போனாலும் இதுல பார்த்துக்கொண்டே இருப்பன் எண்டு போனை ஆட்டிக் காட்டினவன்."

படத்தில் தனேஷ் வாசல் கம்பிக்கு வெளியே நின்று, வலக்கையில் போனை வீட்டைப் பார்த்து உயர்த்திப் பிடித்திருந்தான். அவன் தோளுக்கு மேலே, தெருமுனையில், ஒரு வெள்ளைக் கார். துளசி படத்தைப் பெரிதாக்கினாள். நம்பர் பலகை தெளிவாகவே இருந்தது.

"விமலா காடி," என்றாள்.

பிரமிளாவின் கை ஜிப்பில் அப்படியே நின்றது. "அவளுக்கு நான் என்னாக்கா பண்ணேன்?" என்று கேட்டுவிட்டுப் பை மேலேயே உட்கார்ந்தாள்.

துளசி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். கோபம் வந்தால் அவள் கண்ணாடி பளபளவென்று ஆகிவிடும் என்பது உதவியாளன் பத்துமலையின் பழைய கிண்டல். பேர்தான் பத்துமலையே தவிர, நாலு படி ஏறினால் அவனுக்கு மூச்சு வாங்கும். முன்பு பஸ் ஓட்டியவன், இப்போது துளசியின் கார், கை, கால், வாய் எல்லாம் அவன்தான்.

"அக்கா, நீங்க காடிய பாக்குறீங்க. நான் கைய பாக்குறேன்," என்றான் அவன், தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபடி. "போன்ல என்னா இருக்கு பாருங்க."

தனேஷின் போன் திரையில் பாதிக்குக் கீழே வெயில் பட்டு ஒன்றும் தெரியவில்லை. மேலே ஆரஞ்சு நிறத்தில் ஓர் உதயசூரியன். அதன் கீழே ஒரு வரி: வணக்கம்! மேஷம் – திருவோணம்.

"இது 'நம்ம நேரம்' ஆப்புலா," என்றான் பத்துமலை. "ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் சொல்லும். என் போன்லயும் இருக்கு, வூட்டுக்காரி போன்லயும் இருக்கு. ஆனா இவன் என்னா, ஆண்டவன் தனியா ஆர்டர் எடுத்து செஞ்சு அனுப்புன ஆளா?"

"ஏன்?"

"மேஷத்துல திருவோணம் எங்கேருந்துக்கா வரும்? அசுவினி, பரணி, கார்த்திகை மொத பாதம். அதோட மேஷம் முடிஞ்சிது. திருவோணம் மகரத்து நட்சத்திரம். இந்த ராசிக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் ஒரு புள்ளைகூடப் பொறக்க முடியாது."

"அவரு சிம்ம ராசி, பூரம்," என்றாள் பிரமிளா மெதுவாக.

துளசி திரும்பவும் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் செயலியை அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் பிரமிளாவின் போனில் இருந்த ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்த்தபோது, ஆள் இருக்கும் இடத்தை எந்நேரமும் கேட்டது அது ஒன்றுதான். கேட்பதற்குக் காரணமும் வைத்திருந்தது. இந்தியக் காலண்டரில் போட்டிருக்கும் ராகு காலம் இங்கே பொருந்தாது. ஈப்போவில் சூரியன் உதிக்கவே ஏழு மணி தாண்டும். வெள்ளிக்கிழமை அங்கே பத்தரைக்குத் தொடங்குவது இங்கே பதினொன்று நாற்பதுக்குத்தான் தொடங்கும். ஆகவே நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று சொல், சரியான நேரத்தைச் சொல்கிறேன் என்றது செயலி. நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் அதை விற்கும் செயலிக் கடைக்கு அவள் இரண்டு முறை புகார் எழுதினாள். முதல் பதில் நாலு மணி நேரத்தில் வந்தது, இரண்டாவது மறுநாள். இரண்டிலும் ஒரே வாசகம்: எங்கள் ஆய்வுக் குழு பரிசீலித்தது, விதிமீறல் எதுவும் காணப்படவில்லை.

அத்தனை பெரிய கடை, ஆய்வுக் குழு என்று ஆள் வைத்துப் பார்த்தே உள்ளே விடுகிறவர்கள். அவர்களை நம்பிச் சந்தேகப் பட்டியலில் அந்தச் செயலியின் மேல் கோடு போட்டாள். பிறகுதான் விமலாவின் பெயரை எழுதினாள்.

"பிரமிளா, புதுப் போன் வாங்குன ஒவ்வொரு வாட்டியும் இந்த ஆப்ப போட்டியா?"

"போட்டேன்கா. நல்ல நேரம் பாக்காம எப்படி வெளிய போறது? வூட்ட விட்டு ஓடி வந்ததே அதுல பாத்துதான்."

"பேரு?"

"நீங்க சொன்ன மாதிரி பொய்ப் பேருதான் குடுத்தேன்."

"பொறந்த நாள், பொறந்த நேரம்?"

பிரமிளா விழித்தாள். "அத எப்படிக்கா மாத்துறது? மாத்துனா பலன் தப்பா வரும்லா."

துளசி பத்துமலையின் போனைப் பிடுங்கி, 'நம்ம நேரம்' செயலியைத் திறந்து, ராசி என்ற இடத்தில் மேஷத்தைத் தொட்டாள். வேறு எந்தப் பஞ்சாங்கச் செயலியாக இருந்தாலும் மேஷத்தைத் தொட்டதும் மூன்று நட்சத்திரம்தான் மிச்சம் நிற்கும். இதில் இருபத்தேழும் அப்படியே வரிசையாக நின்றன. திருவோணத்தைத் தொட்டாள்.

உதயசூரியன் மேலே அப்படியே நிற்க, அதற்குக் கீழே திரை கறுப்பானது. மூன்று கட்டங்கள் வந்தன. பிறந்த தேதி, பிறந்த நேரம், பிறந்த ஊர்.

"சொல்லு," என்றாள் துளசி.

பிரமிளா சொன்னாள். பிறந்த தேதி, விடியற்காலை நாலு நாற்பத்தேழு, ஊர் பத்து காஜா. கடைசி எழுத்தைத் தட்டியதும் வரைபடம் விரிந்தது. காம்பார். இதே தெரு, இதே வீடு. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. புள்ளியிலிருந்து வால் போல ஒரு கோடு சித்தியவானுக்கும், அங்கிருந்து கமுந்திங்குக்கும் நீண்டு கிடந்தது.

"பொருத்தம் பாக்க எங்கப்பா குடுத்த ஜாதகம்," என்றாள் பிரமிளா. "இன்னமும் அவரு வூட்டு சாமி மாடத்துலதான் இருக்கு."

போனை மாற்றலாம், நம்பரை மாற்றலாம், ஊரையும் பேரையும்கூட மாற்றலாம். பிறந்த நேரத்தை எந்தத் தமிழச்சி மாற்றுவாள்? அதைத் தெரிந்தே செய்திருக்கிறான், இந்தச் செயலியைச் செய்த பாவி. கதவையும் கெட்டிக்காரத்தனமாக ஒளித்திருக்கிறான், தனேஷ் மாதிரி ஆட்களுக்கு அதன் சாவியைக் காசுக்கு விற்றிருப்பான். நம் ஆட்கள் யாரும் மேஷத்துக்குத் திருவோணத்தைத் தவறிக்கூடத் தொட மாட்டார்கள். ஆய்வு செய்கிறவனோ ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு மேசையில், தமிழ் எழுத்தே தெரியாமல் உட்கார்ந்திருப்பான்.

"அவன் ரெண்டு வரிசையிலயும் மொதல்ல இருக்கறத தொட்டிருப்பான்," என்றான் பத்துமலை. "மேஷம், அசுவினி. சூரியன் அழகா வந்திருக்கும். பாஸ் போட்டுட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்பான். அவன் பொறந்த நேரம் நல்ல நேரம்கா, நம்ம கையில மாட்டல."

சொல்லிக்கொண்டே போனை வாங்கி, வேறொரு தேதியைத் தட்டினான். தன் மனைவி சரளாவின் தேதி. புந்தோங்கில், அவன் வீட்டுச் சமையலறை இருக்கும் மூலையில், இன்னொரு சிவப்புப் புள்ளி மின்னியது.

துளசி அங்கேயே உட்கார்ந்து மூன்றாவது புகாரை எழுதினாள். கதவு எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்று பாலர் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் படம் படமாக ஒட்டி அனுப்பினாள். அனுப்பியபோது மணி பத்து. பிறகு இந்த வழக்கைப் பார்க்கும் போலீஸ் சார்ஜன் பிரதீபாவை அழைத்தாள்.

"உத்தரவு நேத்து சாயங்காலம்தான் அவன் கைக்குப் போச்சு," என்றார் பிரதீபா. நூறு மீட்டருக்குள் பிரமிளாவை நெருங்கினால் கைது என்பது கோர்ட்டு உத்தரவு. "காலையில வந்தது அதுக்கு முந்தி. அத வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆப்பு காட்டிக் குடுத்துச்சுன்னு கதை சொல்றீங்க, சரி. யாருமே சொல்ல முடியாத இடத்துக்கு அவன் வரட்டும், பிரமிளாவும் அங்க இருக்கணும். கையும் களவுமா பிடிச்சுத் தாரேன்."

"அவளை வச்சுத் தூண்டில் போடச் சொல்றீங்களா? அதெல்லாம் வேணா. ஆப்ப அழிச்சிட்டு வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எத்தன ஊருக்குக்கா?" என்று கேட்டது பிரமிளா. பையை ஓரமாக உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்திருந்தாள். "பேராக்ல ஊரு தீந்துரும். நான் வாரேன். எங்க போகணும்?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை," என்று இழுத்தான் பத்துமலை. "போய்ச் சேர்றப்ப ராகு காலம் தொடங்கிரும்."

"இதுல பாத்துப் பாத்து நல்ல நேரத்துலதான் ஒவ்வொரு ஊருக்கும் போனேன்," என்று மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினாள் பிரமிளா. "போலாம் வாங்க."

கோப்பெங்கைத் தாண்டி, செம்மண் சாலையில் உள்ளே போனால் வெள்ளைக்கல் தோட்டம். பத்துமலை பிறந்த இடம். ரப்பர்ப் பால்மரங்கள் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து இருபது வருஷம் ஆகிறது, தொழிலாளிகள் இருந்த லயத்து வீடுகளையும் இடித்தாயிற்று. மிச்சம் இருப்பது ரப்பர்ப் பாலைச் சேர்த்து வைத்த பால் ஸ்டோரின் நாலு சுவரும், காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட்ட பெரட்டுக் களமும்தான். உள்ளே வர ஒரே வழி. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது பத்துமலை. தெரிந்தவர்கள் அவனையும் சேர்த்து நாலே பேர். கௌரியிடம்கூட, சார்ஜனோடு வரும் போலீஸ்காரர்களிடம்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை.

சார்ஜன் பிரதீபா இரண்டு போலீஸ்காரர்களோடு பால் ஸ்டோர் சுவருக்குப் பின்னால் நின்றார். பிரமிளா களத்து நடுவில், கையில் போனோடு. துளசியும் பத்துமலையும் அவளிடமிருந்து பத்து அடி தள்ளி, காருக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வருவானா?" என்று துளசி கிசுகிசுத்தாள்.

"புள்ளி ஈப்போ பக்கமா ஓடிட்டு வந்து காட்டுக்குள்ள நின்னுருச்சு," என்றான் பத்துமலை. "அவ தப்பிச்சு ஓடுறான்னு நினைப்பான்லா. இந்நேரம் பெரட்டுக்கு லேட்டான ஆளு மாதிரி பறந்துகிட்டு இருப்பான்."

மணி பன்னிரண்டு முப்பத்தைந்துக்குச் செம்மண் புழுதி தெரிந்தது. கறுப்புக் கார் ஒன்று களத்து ஓரத்தில் கிரீச்சிட்டு நின்றது. இறங்கிய தனேஷ் கையிலிருந்த போனைப் பார்த்தான், நிமிர்ந்து பிரமிளாவைப் பார்த்தான், சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் துளசிக்குக் காரை எடுத்து அவன் மேலேயே ஏற்றிவிடலாமா என்று இருந்தது. பிரமிளா ஓர் அடிகூடப் பின்னால் வைக்கவில்லை.

அவன் இருபதடி நடப்பதற்குள் போலீஸ்காரர்கள் இருபுறமும் வந்துவிட்டார்கள்.

"அவதான் என்னைய வரச் சொன்னா!" என்று கத்தினான் தனேஷ். "போன் பண்ணிக் கூப்பிட்டா!"

"அப்படியா?" என்றார் பிரதீபா. "எந்த நம்பர்லேருந்து? சொல்லுங்க."

அவள் பிறந்த நிமிஷம் தெரிந்தவனுக்கு அவளுடைய நம்பர் தெரியாது.

விலங்கு மாட்டிய சத்தம் கேட்ட அதே நேரத்தில் இன்னொரு புழுதி கிளம்பியது. துளசி திரும்பினாள். வெள்ளைக் கார். அதே நம்பர் பலகை.

விமலா. இந்த இடத்தை நாலு பேரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. ஆக, இவளும் இவன் கூட்டாளிதான், சேர்ந்தே வந்திருக்கிறாள் என்று துளசி பல்லைக் கடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள். விமலா கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தாள். கையில் ஸ்டேரிங்கைப் பூட்டும் நீள இரும்பு. ஓடியது பிரமிளாவை நோக்கி அல்ல, நேராகத் தனேஷ் மண்டையை நோக்கி.

"தங்கச்சி, தங்கச்சி! அது காடிக்குப் போடுறது!" என்று பத்துமலை குறுக்கே பாய்ந்து அவளை இடுப்போடு பிடித்தான்.

"விடுங்கண்ணே! அக்கா கைய ஒடச்சவன் அவன்!"

"நீ எப்படி இங்க வந்த?" என்று கேட்டாள் துளசி.

விமலா நிதானித்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் துளசி அக்காவா? பதினேழு வாட்டி உங்களுக்கு அடிச்சேன். எடுத்தீங்களா? புது நம்பர எனக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதானே? வேலைய போட்டுட்டு மூணு வாரமா இவன் காடி பின்னாலயே ஓடுறேன். இவன் எங்க போறானோ அங்கதான் எங்க அக்கா இருக்கா, வேற எப்படி அவள நான் பாக்குறது? சித்தியவான்ல நான் போய்ச் சேர்றதுக்குள்ள கைய ஒடச்சிட்டுப் போயிட்டான். ஆம்புலன்சுக்கு யாரு அடிச்சான்னு நினைச்சீங்க? ஆஸ்பத்திரியில தங்கச்சிய உள்ள விடக் கூடாதுன்னு நீங்க சொல்லி வச்சிருந்தீங்க."

துளசி அந்த வெள்ளைக் காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் என் காடிய பாத்தீங்க. அது அவனுக்கு முந்தி வந்துச்சா, பிந்தி வந்துச்சான்னு ஒருத்தராச்சும் பாத்தீங்களா?"

துளசி, கௌரியிடமிருந்து வாங்கித் தன் போனில் வைத்திருந்த படத்தை எடுத்துப் பார்த்தாள். இப்போது தெரிந்தது. தெருமுனையில் அந்த வெள்ளைக் கார் நிற்கவே இல்லை. முன்சக்கரம் ஒடித்த வாக்கில், அப்போதுதான் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. நம்பர் பலகையைப் படித்த கண்ணுக்கு அதற்குப் பக்கத்தில் இருந்த சக்கரம் தெரியவில்லை. செயலிக் கடைக்காரன் பார்க்காமலே பரிசீலித்தோம் என்று சொன்னதற்கு அவனைத் திட்டினாளே, அவள் செய்தது மட்டும் என்ன?

"தப்பு என்னோடதுதான் விமலா," என்றாள்.

"ஆமா, உங்களோடதுதான்," என்றாள் விமலா. சமாதானத்துக்குக்கூட இல்லை என்று சொல்லவில்லை.

துளசியின் போன் அதிர்ந்தது. செயலிக் கடையிலிருந்து பதில். மூன்றாவது புகார், படம் படமாக ஒட்டி அனுப்பியது. எங்கள் ஆய்வுக் குழு பரிசீலித்தது. விதிமீறல் எதுவும் காணப்படவில்லை. கீழே, எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தி அளித்ததா என்ற கேள்வியும் சிரித்த முகத்தோடு ஒரு பொம்மையும் இருந்தன.

புந்தோங்கில் ஒரு சமையலறை, இன்னும் எத்தனை ஊரில் எத்தனை புள்ளி மின்னிக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இவர்களுக்குப் பொம்மை ஒரு கேடு. போனைச் சார்ஜனிடம் நீட்டினாள்.

பிரதீபா அதை இரண்டு முறை படித்தார். "இத பிரிண்ட் எடுத்துக் குடுங்க," என்றார். "ஃபைல்ல மொத பக்கமே இதுதான். சைபர் பிரிவுக்கு நானே கொண்டு போறேன். செஞ்சவனையும் தேடணும், பாத்துட்டு விட்டவனையும் கேக்கணும்." பிறகு பிரமிளாவிடம் ஒரு பிளாஸ்டிக் உறையை விரித்தார். "உங்க போனு வேணும்மா, சாட்சிக்கு. அழிச்சிராதீங்க."

பிரமிளா போனை உறைக்குள் போட்டாள். உதயசூரியன் இன்னும் திரையில் இருந்தது. பொருள் வாங்க, புறப்பட இது உகந்த நேரமல்ல, ஒன்று பத்து வரை காத்திருங்கள் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

"மணி என்னாடி?" என்று தங்கையைக் கேட்டாள். மூன்று வாரத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

விமலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அக்காவின் வழக்கம் அவளுக்குத் தெரியும். "பன்னெண்டு அம்பது. ராகு காலம்க்கா. கொஞ்சம் இருந்து போலாமா?"

"வேணா," என்று பிரமிளா வெள்ளைக் காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "இப்பவே போலாம்."